கன்னங்கரேலுக்கு முன்னால் ‘மிகவும்’

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை மிகவும் விரும்பி வாசிக்கிறேன். ஆங்கிலத்தில் அலுவலக மின்னஞ்சல் எழுதுவது எனக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது. வரிக்கு வரி ‘வெரி’ வந்து நிற்கிறது. அலுத்துப்போய் ‘டூ’ போட்டுப் பார்த்தேன். ‘ஐ ஆம் டூ ஹேப்பி’ என்று நான் எழுதியதை உடன் பணிபுரிபவர் ஒருவர் எல்லோர் முன்னும் படித்துக் காட்டிச் சிரித்தார். மிகவும் அவமானமாகப் போய்விட்டது. அன்று மாலைவரை நான் யாருடனும் பேசவில்லை. ‘வெரி’, ‘டூ’, ‘சோ’, ‘குவைட்’ ஆகியவற்றை எங்கெங்கே போட வேண்டும்? மிகவும் எளிமையான புத்தகம் ஒன்று சொல்லுங்கள். தமிழில் யோசிப்பதால்தான் தவறு வருகிறது என்கிறார்கள். தமிழ் வாசிப்பைச் சிறிது காலம் நிறுத்திவைக்கலாமா? உங்கள் பதிலை மிகவும் எதிர்பார்க்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

நிறுத்தாதீர்கள். இப்படி யோசனை சொன்னவர்களின் பேச்சை வேண்டுமானால் நிறுத்திவையுங்கள். சிரித்தவரையும் விடுங்கள். அடுத்தவர் எழுதியதை உரக்கப் படித்துச் சிரிக்கிறவருக்கு இலக்கணம் தெரிந்திருந்து என்ன பயன்?

இரண்டு ‘ஓ’ போட்டு எழுதும் அந்த ‘டூ’வில் நானும் விழுந்தவன்தான். என் முதல் வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் டூ இன்டரஸ்டட் இன் திஸ் போஸ்ட்’ என்று எழுதியிருந்தேன். நேர்காணலில் எதிரே இருந்த பெரியவர் அந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். “தம்பி, இவ்வளவு ஆர்வம் வேண்டாமே. கொஞ்சம் குறைத்துக்கொண்டு வர முடியுமா?” என்றார். எனக்குக் காது சுட்டது. என் முகத்தைப் பார்த்தவர், ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தார். சொல் மையில் இருந்ததால் அப்படியே நின்றது. வேலை கிடைக்கவில்லை.

நாம் ஏன் அங்கே விழுகிறோம்? காரணம் ‘ரொம்ப’. ‘நிரம்ப’ என்பதுதான் அப்படித் திரிந்தது. நிரம்பி நிற்பதும் நிரம்பி வழிவதும் அதற்கு ஒன்றுதான். ‘ரொம்பச் சூடு’ என்றால் குடிக்கலாமா கூடாதா என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல்லே செய்கிறது. ‘வெரி ஹாட்’ என்றால் ஊதிக் குடிக்கலாம். ‘டூ ஹாட்’ என்றால் வாய் வெந்துவிடும். ‘டூ’வுக்குப் பின்னால் ஒரு முடியாமையோ வேண்டாமையோ ஒளிந்திருக்கும். ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்று பாராட்டும்போதுகூட, ‘இந்த அன்பு என் தகுதிக்கு மேல்’ என்ற கூச்சம் அதில் இருக்கிறது.

‘சோ’ என்பது ‘அவ்வளவு’. எவ்வளவு என்று கேட்பவர் காத்திருப்பார், பின்னால் ஒரு ‘தட்’ போட்டுச் சொல்லிவிடுங்கள். ‘குவைட் குட்’ என்பது பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’. அமெரிக்கர் சொன்னால் பாராட்டு. ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால் அறவே முடியாது. அலுவலக மின்னஞ்சலில் அந்த வம்பு உங்களுக்கு எதற்கு? புத்தகம் எதுவாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே ஒன்று வாங்கித் திறக்காமல் வைத்திருப்பீர்கள், அதைத் திறங்கள்.

‘வெரி’க்கு வருகிறேன். கன்னங்கரேல், பச்சைப்பசேல், புத்தம்புதிய, தன்னந்தனியாக. இவற்றின் முன்னால் ‘மிகவும்’ சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘மிகவும் தன்னந்தனியாக நின்றான்.’ நாக்கு இடறுகிறதா? எந்த ஆசிரியரும் இதை உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மிகுதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சொல்லுக்கு வெளியிலிருந்து மிகுதி தேவையில்லை என்பது உங்கள் காதுக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘டயர்ட்’ என்பது களைப்பு, அதற்கு ‘வெரி’ போடலாம். ‘எக்ஸாஸ்டட்’ என்பது ஓய்ந்தே போவது. ‘பிக்’ என்பது பெரிய, ‘என்னார்மஸ்’ என்பது பென்னம்பெரிய. ‘வெரி என்னார்மஸ்’ என்று எழுதுகிறவர் ‘மிகவும் பென்னம்பெரிய’ என்று எழுதுகிறார். இதைத் தமிழில் யோசிக்காமல் வேறு எதில் யோசிப்பீர்கள்?

ஓரிடத்தில் தமிழ் காலை வாரிவிடும், ஒப்புக்கொள்கிறேன். ‘மிகவும் விரும்புகிறேன்’ என்று வினையோடு நாம் சேர்ப்பதை நம்பி ‘ஐ வெரி லைக் இட்’ என்று எழுதக் கூடாது. ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்று கடைசிக்குத் தள்ள வேண்டும். ‘வெரி பெட்டர்’ என்பதும் கிடையாது, ‘மச் பெட்டர்’தான்.

ஆனால் எம்., உங்கள் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. உங்கள் தமிழ்க் கடிதத்தை மறுபடி படியுங்கள். எத்தனை ‘மிகவும்’? ஐந்து. நான் எண்ணினேன். ‘உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள’ என்கிறது தொல்காப்பியம். நன்னூல் சால, கூர், கழி என்று மேலும் மூன்றைச் சேர்த்து ஆறாக்கியது. ஆறையும் தொலைத்துவிட்டு ஒரே ஒரு ‘மிகவும்’ மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதையே உப்பைப்போல் எல்லாவற்றிலும் தூவுகிறோம். பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் ‘வெரி’ வராமல் என்ன வரும்? அந்த ‘வெரி’யின் வேரும் லத்தீனில் ‘மெய்’ என்று பொருள்படும் ‘வேரஸ்’தான். ‘தி வெரி மேன்’ என்றால் இன்றும் ‘அதே ஆள்’ என்று அடித்துச் சொல்வது. ஒரு கடிதத்தில் ஐந்து முறை சத்தியம் செய்பவரை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

‘மிகவும் அவமானமாகப் போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துக் கடந்துவிட்டேன். அடுத்த வரியில், அன்று மாலைவரை யாருடனும் பேசவில்லை என்கிறீர்கள். அங்கே ஒரு ‘மிகவும்’கூட இல்லை. வேறு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான்.