இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம் எப்படி இருக்கும்? நம் ஊராட்சி போல அங்கே ஏதாவது உண்டா?

உண்டு. பாரிஷ் கவுன்சில் என்று பெயர். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். அதனால் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரே ஊரை வைத்துச் சொல்கிறேன். நாட்டிங்காம்ஷயரில் இருக்கும் லாக்ஸ்டன். நான் குடியிருக்கும் நியூவார்க்கிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆறு வருடமாக மாதம் ஒருமுறையாவது போய் வருகிறேன். முதலில் நடைப்பயிற்சிக்குத்தான் போனேன். அப்புறம் அந்த ஊர் நிலத்தின் கதை தெரிந்ததும் விட முடியவில்லை.

வடக்கே டக்ஸ்ஃபோர்டு, மேற்கே ஆலர்ட்டன் என்ற இரண்டு சிறு டவுன்களுக்கு நடுவில், மேடும் பள்ளமுமான களிமண் பூமியில் இருக்கிறது லாக்ஸ்டன். செம்மண் நிறத்தில் பிசுபிசுக்கும் களி அது. மழைக்குப் பிறகு நடந்தால் பூட்ஸ் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கனக்கும். ஊர் என்பது ஒரு பெரிய தெருவும் அதிலிருந்து பிரியும் சில சந்துகளும்தான். நடுவில் செயின்ட் மைக்கேல் தேவாலயம். அதற்கு வடக்கே, நார்மன் காலத்துக் கோட்டை இருந்த மண்மேடு புல் மூடிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஷெர்வுட் காட்டுக்குப் பரம்பரைக் காவல் பொறுப்பு வகித்த குடும்பங்கள் இந்தக் கோட்டையில் இருந்துதான் அதிகாரம் செய்தன. இன்று அங்கே ஆடு மேய்கிறது.

தெருவில் நடக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். சிவப்புச் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகப் பண்ணை வீடுகள் வரிசையாக ஊருக்குள்ளேயே நிற்கின்றன. பல வீடுகளின் முகப்பு தெருவைப் பார்க்காது. பக்கச் சுவர்தான் தெருவை ஒட்டி இருக்கும். வீட்டின் பின்னால் தொழுவம், களஞ்சியம், நீளமான ஒரு கொல்லை. இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் விவசாயியின் வீடு பெரும்பாலும் அவர் வயலின் நடுவில் தனியாக இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு மைல் நடக்க வேண்டும். லாக்ஸ்டனில் அப்படி இல்லை, ஏனென்றால் இங்கே யாருடைய நிலமும் ஒரே இடத்தில் இல்லை.

ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்வெளிகள்: மேற்கு வெளி, தெற்கு வெளி, மில் வெளி. மூன்றும் சேர்ந்து 500 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இவற்றுக்குள் வேலி கிடையாது, வரப்பும் கிடையாது. ஒரே வெளியாகக் கண்ணுக்கு எட்டியவரை விரிந்து கிடக்கும். ஆனால் அதற்குள் நீளம் நீளமான பட்டைகளாக நிலம் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு விவசாயிக்கு மூன்று வெளியிலும் பட்டைகள் உண்டு. ஒரு வெளியில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவதில் தரிசு அல்லது தீவனப்புல். அடுத்த வருடம் முறை மாறும். எந்த வெளியில் எந்த வருடம் என்ன என்பதைத் தனியாக யாரும் முடிவு செய்துகொள்ள முடியாது, ஊரே சேர்ந்து அந்தச் சுழற்சியில் போகிறது.

இடைக்காலத்தில் மத்திய இங்கிலாந்து முழுவதும் இப்படித்தான் இருந்தது. பிறகு வேலியடைப்பு வந்தது. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர் பொதுப் பயன்பாட்டிலிருந்து தனி வயல்களாக மாறியது. நாம் புகைப்படத்தில் பார்க்கும் அந்தப் பச்சைக் கட்டங்களும் உயிர்வேலிகளும் பெரும்பாலும் அப்போது உண்டானவை. லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி நிலம் அடைக்கப்பட்டது, ஆனால் முழுவதும் நடக்கவில்லை. நிலம் மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என்று இரண்டு பெரிய உரிமையாளர்களிடம் பிரிந்து கிடந்ததால் உடன்பாடு வராமல் போனது என்று வரலாற்றாளர்கள் காரணம் சொல்கிறார்கள்.

1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊருக்கு வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அப்போது நான்கு வெளிகள். ஒவ்வொரு பட்டையும், அதன் ஓரத்தில் ஏர் ஓட்டுபவர், அறுவடை செய்பவர், மேயும் மாடு வரைக்கும் வரைந்திருக்கிறார். அன்றைக்குப் பட்டைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, மிகச் சின்னவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். டிராக்டர் இன்று அதில் திரும்ப முடிவது அதனால்தான். இருந்தாலும் அந்த வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய ஊரில் நடந்தால் தெருவும் தேவாலயமும் கோட்டை மேடும் அப்படியே பொருந்துகின்றன.

சரி, நிர்வாகத்துக்கு வருகிறேன். வேலி இல்லாத நிலத்தில் பக்கத்துக்காரர் ஒரு சால் அதிகமாக உழுதுவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த ஊரில் ஒரு பழைய நீதிமன்றம் இன்றும் நடக்கிறது. கோர்ட் லீட் என்று பெயர். இடைக்காலத்தில் பல பண்ணையங்களில் இப்படி ஒன்று இருந்தது. 1977-இல் வந்த நீதி நிர்வாகச் சட்டம் மற்ற ஊர்களில் பெயரளவுக்கு மிஞ்சியிருந்தவற்றின் அதிகாரத்தை நீக்கியபோது லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்தது. அது சடங்கு அல்ல, உண்மையான அதிகாரமுள்ள மன்றம் என்பதுதான் காரணம்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசி வாக்கில் ஜூரி நாள். அந்த வருடம் கோதுமை விதைத்த வெளியை ஊர்க்காரர்களான ஜூரிகள் சுற்றிப் பார்ப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு முறை வயலோரப் பாதையில் நின்று பார்த்தேன். மூடுபனி. முளைத்து இரண்டு அங்குலம் கூட வளராத கோதுமை. வயதான ஒருவர் குனிந்து, பட்டையின் முனையில் மண்ணில் பாதி புதைந்து போன பழைய முளைக்குச்சியைக் காலால் தேடினார். கிடைக்கவில்லை. எதிர் முனையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அங்கிருந்த இன்னொருவர் இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகுதான் இவர் புதுக் குச்சியை ஊன்றினார். பின்னால் நின்ற இளைஞர் சம்மட்டியால் மூன்றே அடி. களிமண்ணில் குச்சி இறங்கும் சத்தம் மந்தமாகக் கேட்டது. இதற்கு அளவு நாடா கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. எல்லை எது என்பதில் அந்த இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை, நிலத்தை உழுபவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயம். பட்டையின் எல்லை நகர்ந்திருக்கிறதா, வடிகால் தூர்ந்து போயிருக்கிறதா, யாராவது பொதுப் பாதையையோ சைக்கையோ உழுது சேர்த்துக்கொண்டார்களா. சைக் என்பது வெளிகளுக்கு நடுவே தாழ்வான, ஈரமான, உழ முடியாத புல்தரை. மேய்ச்சல் புறம்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அதன் புல்லை ஊருக்குள் ஏலம் விடுவார்கள். நூற்றாண்டுகளாகக் கலப்பை படாததால் அங்கே வளரும் காட்டுப்பூக்களும் புல்வகைகளும் வேறெங்கும் அருகிவிட்டவை. லாக்ஸ்டன் சைக்குகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஆக்கிரமிப்பு என்று ஜூரி ஏன் அவ்வளவு கவனிக்கிறது என்று ஜூன் மாதத்தில் அந்தப் புல்லைப் பார்த்தால் புரியும்.

அடுத்த வாரம் கோர்ட் லீட் கூடும். இடம், ஊரின் ஒரே பப்பான டவ்கோட் இன். நில உரிமையாளர் தரப்பில் ஸ்டூவர்ட் என்ற பதவியில் இருப்பவர் தலைமை வகிப்பார். ஜூரிகள் தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். தவறு செய்தவருக்கு அபராதம். தொகை சிறியதுதான், ஆனால் உங்கள் பெயரை ஊரே கேட்கும்படி வாசிப்பார்கள். அடுத்த வருட வெளிக்குப் புது ஜூரியும் அங்கேயே நியமிக்கப்படும். பிண்டர் என்று ஒரு பதவியும் உண்டு: தெருவில் அலையும் மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைப்பவர். அந்தப் பட்டி இன்னும் இருக்கிறது.

நிலம் யாருடையது என்றும் கேட்பீர்கள். மேன்வர்ஸ் பிரபு குடும்பத்திடமிருந்து 1952-இல் விவசாய அமைச்சகம் வாங்கியது, இந்தப் பழைய விவசாய முறை அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. 1981-இல் முடியாட்சியின் பெயரில் இருக்கும், ஆனால் அரச குடும்பத்தின் தனிச் சொத்து அல்லாத நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் மறுபடியும் பழைய குடும்பத்தின் வாரிசுகளான தோர்ஸ்பி தரப்புக்கே விற்கப்பட்டது. அந்த விற்பனைப் பேச்சு நடந்த இரண்டு வருடமும் எனக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. யாராவது பெரிய கம்பெனி வாங்கி, பட்டைகளை ஒன்றாக்கிவிட்டால் திரும்பக் கொண்டுவரவே முடியாது. நல்லவேளை, அப்படி நடக்கவில்லை.

இப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம். 1894 வரைக்கும் கிராமக் காரியங்களைத் தேவாலயத்தின் சபைதான் பார்த்தது. அந்த வருடச் சட்டம் மத நிர்வாகத்தையும் ஊர் நிர்வாகத்தையும் பிரித்துப் பாரிஷ் கவுன்சில்களை உண்டாக்கியது. இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 உண்டு. லாக்ஸ்டனோடு கிழக்கே இருக்கும் மூர்ஹவுஸ் என்ற சின்னக் குடியிருப்பும் சேர்ந்து ஒரே பாரிஷ். சட்டப்படி ஒரு கவுன்சிலில் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும், நான்கு வருடத்துக்கு ஒரு தேர்தல். உறுப்பினர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. கணக்கும் கடிதமும் பார்ப்பது பகுதி நேர கிளார்க். கூட்டத்துக்கு ஊர்க்காரர் யாரும் போய் உட்காரலாம், பேச நேரமும் தருவார்கள்.

இந்தக் கவுன்சிலின் அதிகாரம் சின்னது. அறிவிப்புப் பலகை, பெஞ்ச், கல்லறைத் தோட்டம், விளையாட்டுத் திடல் போன்றவை, அப்புறம் யாராவது வீடு கட்ட அனுமதி கேட்டால் கருத்துச் சொல்வது. அந்தக் கருத்தைக் கேட்டாக வேண்டும், ஆனால் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. முடிவெடுப்பது மேலே இருக்கும் நியூவார்க் அண்டு ஷெர்வுட் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். குப்பை அள்ளுவது, வீட்டு வசதி, கவுன்சில் வரி வசூல் எல்லாம் அவர்கள். அந்த வரியில் ஒரு சிறு பங்கு பாரிஷுக்குப் போகும். அதற்கும் மேலே நாட்டிங்காம்ஷயர் கவுண்டி கவுன்சில்: சாலை, பள்ளி, நூலகம், முதியோர் பராமரிப்பு. டிஸ்ட்ரிக்ட் அள்ளும் குப்பையை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது என்பது கவுண்டியின் வேலை.

இந்தப் பிரிவினை நேரில் பட்டால்தான் புரியும். நியூவார்க்குக்கு வருவதற்கு முன் வேறொரு கவுண்டியில் ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருந்தேன். வீட்டு வாசலில் சாலை வடிகால் அடைத்து, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நடைபாதைக்கு ஏறும். பாரிஷ் கிளார்க்குக்கு எழுதினேன், சாலை தங்களுடையது இல்லை என்று பொறுமையாக விளக்கினார். டிஸ்ட்ரிக்டுக்கு எழுதினேன், கவுண்டிக்குப் போகச் சொன்னார்கள். கவுண்டியின் பதில் வர நான்கு மாதம், வேலை நடக்க இன்னும் மூன்று மாதம். அந்த ஏழு மாதமும் எதிர்வீட்டுப் பாட்டி கைத்தடியோடு தண்ணீரைச் சுற்றிக்கொண்டுதான் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

லாக்ஸ்டன் வயலில் ஒரு வடிகால் தூர்ந்தால் அதை நவம்பருக்குள் பார்த்துவிடுவார்கள், டிசம்பரில் கேள்வி கேட்பார்கள். பார்ப்பவரும் கேட்பவரும் அதே மண்ணில் உழுபவர்கள். அதனால்தான் உங்கள் கேள்விக்கு பாரிஷ் கவுன்சில் மட்டும் போதாது என்றேன். தெருவுக்கு ஒரு நிர்வாகம், வயலுக்கு இன்னொரு நிர்வாகம் என்று இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டிலும் எனக்கு மதிப்பு அதிகம் வயலுடையதன் மேல்தான்.

2024 மே மாதத்திலிருந்து இவை எல்லாவற்றுக்கும் மேலே கிழக்கு மிட்லாண்ட்ஸ் மேயர் என்று ஒரு பதவியும் வந்திருக்கிறது. நாட்டிங்காம்ஷயரும் டெர்பிஷயரும் அவற்றின் நகரங்களும் சேர்ந்த பகுதிக்கு. அதே வருடக் கடைசியில், டிஸ்ட்ரிக்ட், கவுண்டி இரண்டையும் ஒன்றாக்கும் திட்டத்தையும் அரசு அறிவித்தது. இரண்டு அடுக்கு ஒன்றானால் யாரிடம் போவது என்ற குழப்பம் குறையலாம், ஆனால் முடிவெடுக்கும் அலுவலகம் கிராமத்திலிருந்து இன்னும் தள்ளிப் போய்விடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

நேரில் பார்க்க விருப்பமிருந்தால்: டவ்கோட் இன் பக்கத்தில் சின்னக் காட்சியகம் இருக்கிறது, முதலில் அங்கே போய்விட்டு வெளிகளுக்குப் போங்கள். பாரிஷுக்குள்ளேயே 1995-இல் தொடங்கிய, நாஜிகளின் யூத இனப்படுகொலையை நினைவுகூரும் தேசிய ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமும் உண்டு, அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். சைக்குகளைப் பார்க்க ஜூன், குச்சி ஊன்றுவதைப் பார்க்க நவம்பர் கடைசி. நவம்பரில் வந்தால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். பொதுப் பாதையை விட்டு இறங்காதீர்கள், கோதுமை அப்போதுதான் முளைத்திருக்கும்.