மன்ற வரலாறு எழுத மினிட் புத்தகம் வேண்டாம், இரவல் புத்தகம் போதும்

கேள்வி: தோட்டத்து ஊரில் இருக்கும் எங்கள் சேவை மன்றத்துக்கு ஆண்டுவிழா மலர் போடுகிறோம். மன்ற வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பழைய மினிட் புத்தகம் (கூட்டக் குறிப்பேடு) எதுவும் கிடைக்கவில்லை. எப்படி எழுதுவது?

பதில்:

நீங்கள் மன்றச் செயலாளராக இருப்பீர்கள், இல்லையென்றால் ஊரில் நாலு வரி தமிழ் எழுதத் தெரிந்தவராக இருப்பீர்கள். கூட்டத்தில் யாரோ உங்கள் பெயரைச் சொல்லியிருப்பார், மற்றவர்கள் கைதட்டியிருப்பார்கள். பழைய மலர் ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்த மாதிரி எழுதினால் போதும்" என்றும் சொல்லியிருப்பார்கள். அதில் தலைவர்கள் பட்டியல் இருக்கும், திறப்பு விழாப் படங்கள் இருக்கும், பிரமுகர் வாழ்த்து பக்கம் பக்கமாக இருக்கும். தயவுசெய்து அந்த மாதிரி எழுதாதீர்கள். யாரெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது அதில் தெரியும். அந்த நாற்காலி எந்தெந்த வீட்டுக்குப் போனது என்பது தெரியாது.

நான் மலேசியாவில் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கத்துக்காரன். எங்கள் மன்றத்துக்கு வரலாறு எழுதியபோது எனக்கும் மினிட் புத்தகம் கிடைக்கவில்லை. சாமான் அறையைக் கழுவி விடும்போது, அண்டாவுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு நீள நோட்டு கிடைத்தது. அதுதான் இரவல் புத்தகம். அந்தக் காலத்தில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பாத்திரம், பாய், விளக்கு எல்லாம் மன்றத்திலிருந்துதான் போகும். யார் எடுத்தார், எந்த லயம், எத்தனையாவது வீடு, என்னென்ன சாமான், முன்பணம் எவ்வளவு, திரும்பி வந்ததா என்று கோடு போட்டு எழுதியிருந்தார்கள். "அண்டா 2, மங்குத் தட்டு 60, கேஸ் லைட் 1. திரும்பியது தட்டு 58." இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சில வரிகளில் முன்பணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சாமான் பொறுப்பைப் பல வருஷம் பார்த்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததும் சொல்லிவிட்டார்: "சாவு வீட்டுக்கு முன்பணம் வாங்க மாட்டோம் தம்பி." அப்புறம் அந்தக் காலி வரிகளை நான் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, அது யார் வீடு, எப்படிச் சாவு, பிணத்தைத் தூக்க எந்தெந்த லயத்திலிருந்து ஆள் வந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். இடையில் ஒரு வரியில் நிறுத்திவிட்டு, அது தன் தங்கச்சி என்றார். எங்கள் மன்றம் எதற்காகத் தோன்றியது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ரப்பர் மரத்தில் பால் வெட்டித் தினக்கூலி வாங்கும் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கையில் காசு இருக்காது. மாசா மாசம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்த மரண சகாய நிதிதான் எங்கள் மன்றத்தின் வேர். பந்து விளையாட்டும் பேச்சுப் போட்டியும் பிறகு வந்தவை.

இன்னொரு பக்கத்தில் ஓரக் குறிப்புகள் இருந்தன. 1969ஐ ஒட்டிய வரிகளில் பாய், தட்டு எடுத்த பல வீடுகளுக்கு எதிரே "ஊருக்குப் போகிறார்கள்" என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயர்கள் புத்தகத்தில் வரவே இல்லை. அந்த ஆண்டு மே மாதம் கோலாலம்பூரில் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் பெர்மிட்டுக்கு நின்றார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சரித்திரப் புத்தகத்தில் அது ஒரு பத்தி. எங்கள் நோட்டில் அது வழியனுப்பு விருந்துக்குப் போன தட்டு.

ஆரம்ப ஆண்டு விஷயத்தில் உங்களுக்கும் சண்டை வரும். மன்றங்களைப் பதிவு செய்யும் சங்கச் சட்டம் 1966இல் வந்தது. பதிவுச் சான்றிதழில் இருக்கும் ஆண்டுதான் மன்றம் பிறந்த ஆண்டு என்று செயற்குழு பிடிவாதம் பிடிக்கும். எங்கள் நோட்டு சான்றிதழுக்கு முன்பே தொடங்குகிறது. இரண்டையும் எழுதுங்கள், எது எதற்கான ஆண்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கள்ளுக்கடை பற்றி எழுதலாமா என்றும் கேட்பார்கள். எங்கள் செயற்குழுவில் "அதையெல்லாம் கிளறினால் நம் மானம்தான் போகும்" என்றார் ஒருவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில்தான் 1946, 47இல் தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். ஏ.எம். சாமி அதற்குத் தலைமை தாங்கினார். பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் போலீஸ் அடித்து விரட்டியது, உயிரும் போனது. கூலியாட்கள் குடிக்காமல் நிமிர்ந்து நின்றதுதான் அன்றைக்குக் குற்றமாகப் பட்டது. இதில் நமக்கு என்ன மானக்கேடு? எங்கள் மன்றம் தொண்டர் படையின் வாரிசு என்று நான் எழுதவில்லை, அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் மன்றத்தைத் தொடங்கியவர்கள் சிறுவயதில் அந்த ஊர்வலங்களைப் பார்த்தவர்கள். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இங்கேயும் யாராவது "கட்சி அரசியல் பேசுகிறான்" என்று வருவார்கள். எனக்கு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை கிடையாது.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நோட்டில் இருக்கும் சாவுகள் எல்லாம் எங்கள் பழைய தோட்டத்து இடுகாட்டில்தான் அடங்கியிருக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, நிலம் கைமாறியது, இப்போது பாதையில் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அப்பா அம்மா சமாதிக்கு ஒரு விளக்கு ஏற்றப் போக வேண்டும் என்றால், காவலாளியிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். புல் வெட்டவும் ஆள் இல்லை. எத்தனையோ மனு கொடுத்தாயிற்று. தேர்தல் சமயத்தில் மட்டும் புல் வெட்டுகிறார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான். ஆனால் மலரில் வாழ்த்துரைக்கு இத்தனை பக்கம் ஒதுக்குகிறவர்கள், ஒரு பக்கத்தை இடுகாட்டுக்கு ஒதுக்கலாம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். மன்றத்துச் சாமான் எங்கே கிடக்கிறதோ அங்கே போய் முதலில் தேடுங்கள். கோயில் கணக்குப் பிள்ளை வீட்டிலும் கேளுங்கள். பல ஊர்களில் இரண்டு கணக்கையும் ஒரே ஆள்தான் எழுதியிருப்பார். பழைய ரசீதுக் கட்டைகளையும் விடாதீர்கள். லயத்து வீட்டு நம்பர் போய்த் தாமான் (புதுக் குடியிருப்பு) முகவரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். தோட்டம் எப்போது கலைந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். நோட்டு கிடைத்தால் முதல் வேலையாக எல்லாப் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள், கறையான் காத்திருக்காது. பிறகு அதைப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். பேட்டி என்று சொல்லி மைக்கை நீட்டினால் மேடைப்பேச்சுதான் வரும்.

பழைய கிராணிக் (தோட்டத்து எழுத்தர்) கையெழுத்து புரியாவிட்டால் படத்தை இங்கேயே போடுங்கள். எனக்கு அது பழகிவிட்டது, வாசித்துச் சொல்கிறேன்.