எட்டு நகரங்களும் ஒரு மலைப்பாதையும்

அன்புள்ள ஐயா,

மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள போர் காட் ரயில் மலைப்பாதையைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். டோம்பிவிலியில் வசிக்கிறேன். ரயில்வே பணிமனையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் பயிற்சியாளனாகச் சேர்ந்த காலத்தில், நாங்கள் ‘கேக்டா’ (நண்டு) என்று அழைத்த பழைய மின்சார எஞ்சின்கள் யார்டில் ஷண்டிங் வேலையில் இருந்தன. அவற்றின் இணைப்புத் தண்டுகளுக்கு எண்ணெய் விட்ட கை இது.

வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஐரோப்பா போகிறோம். செலவு மகளுடையது, திட்டம் என்னுடையது. லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம் என்று பதினாறு இரவுகளில் எட்டு நகரங்கள்; ஊர்விட்டு ஊர் போவது முழுக்க ரயிலில். விடுதிச் செலவைக் குறைக்க மூன்று இரவுகளை வண்டியிலேயே கழிக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். என் மனைவிக்கு அரண்மனைகளும் பழைய தேவாலயங்களும் பார்க்க ஆசை. முழங்கால் வலியும் உண்டு. “முப்பது வருஷமா லோக்கல்ல இடிபட்டது போதாதா, அங்கேயும் ரயிலா?” என்று கேட்கிறாள். இந்தத் திட்டம் சரிதானா? பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெய்ல் பாஸ் வாங்குவது லாபமா? விசாவை எந்த நாட்டிடம் கேட்பது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

டோம்பிவிலி வாசகர்

*

மதிப்புக்குரிய நண்பருக்கு,

உங்கள் துணைவியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தின் கோளாறை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். எட்டு நகரங்கள் என்றால் ஏழு இடமாற்றங்கள். பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, நிலையத்தைத் தேடுவது, புதிய ஊரில் விடுதியைக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றும் அரை நாளையாவது தின்றுவிடும். எஞ்சும் நேரத்தில் அவர் அரண்மனைகளின் வாசற்கதவுகளைத்தான் பார்ப்பார். நீங்களோ, ரயில் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ரயிலையும் பார்க்கமாட்டீர்கள். லண்டனிலிருந்து பாரிஸுக்குக் கடலடிச் சுரங்கம் மட்டும் ஐம்பது கிலோமீட்டர். பாரிஸிலிருந்து வடக்கே மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் தடம் சமவெளியில் நேராகப் போடப்பட்டது. ஜன்னலில் தெரிபவை மண்கரையும் ஒலித்தடுப்புச் சுவரும் பீட்ரூட் வயலும்தான். பொறியியல் அங்கேயும் உண்டு, ஆனால் அது பயணியின் கண்ணில் படாதபடி செய்யப்பட்ட பொறியியல். போர் காட் அடிவாரத்துக் கர்ஜத்தில் வண்டி நின்று, மேலே தள்ளிவிடும் பேங்கர் எஞ்சின் பின்னால் வந்து மோதும்போது முதுகில் ஒரு தட்டு விழுமே, அதை அறிந்த உங்களுக்கு அது எதற்கு?

இரவு வண்டி யோசனையை முதலில் கைவிடுங்கள். இது என் அனுபவத்தில் சொல்வது. பல ஆண்டுகளுக்கு முன் வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு, உங்களைப் போலவே ஒரு நாள் விடுதிக் காசை மிச்சம் பிடிப்பதற்காக, இரவு வண்டியில் போனேன். விடிந்தபோது வண்டி இத்தாலியச் சமவெளியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியாவின் செம்மெரிங் மலைப்பாதையைத் தூக்கத்தில் கடந்திருந்தேன். இரவு சென்னை மெயிலில் ஏறிப் படுத்தவர் புனேவில் கண் விழித்து, காட் எப்போது போனது என்று கேட்பதற்கு ஒப்பானது அது. மிச்சம் பிடித்த காசைப் போலப் பல மடங்கு செலவழித்து, அந்த மலையைப் பார்ப்பதற்கென்றே மறுபடி போக வேண்டியிருந்தது.

ஆகவே நான் சொல்லும் வழி இது: நகரங்களைத் தேர்ந்துவிட்டு அவற்றை ரயிலால் இணைக்க வேண்டாம். இரண்டு மலைப்பாதைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவை எந்த நகரங்களைச் சேர்ப்பதற்காகப் போடப்பட்டனவோ அந்த நகரங்களில் தங்குங்கள். செம்மெரிங் ஒன்று, சுவிட்சர்லாந்தின் பெர்னினா-அல்புலா மற்றொன்று. இரண்டும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. முன்னது 1998இலும் பின்னது 2008இலும் சேர்ந்தன. இப்படிப் பார்த்தால் புடாபெஸ்டில் மூன்று இரவு, வியன்னாவில் ஐந்து, வெனிஸில் மூன்று, மிலானில் ஒன்று, இத்தாலியின் எல்லை ஊரான திரானோவில் ஒன்று, பெர்கூன் என்ற சுவிஸ் மலைக் கிராமத்தில் இரண்டு, சூரிச்சில் ஒன்று. உங்கள் பதினாறு இரவும் சரியாக வந்துவிடுகிறது. புடாபெஸ்டில் இறங்கி சூரிச்சிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட்டை வாங்குங்கள். புறப்பட்ட ஊருக்கே திரும்பி வரும் ஒரு நாள் அலைச்சல் அதனால் மிச்சமாகும். லண்டனை விட்டுவிட வேண்டும். பிரிட்டனுக்குத் தனி விசா, தனிச் செலவு. யார்க் நகரின் ரயில் அருங்காட்சியகத்தோடு சேர்த்து அதை இன்னொரு பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

புடாபெஸ்டில் கெலெத்தி நிலையத்தின் முகப்பை நின்று பாருங்கள். 1884இல் திறக்கப்பட்டது, அதாவது நம் மும்பையின் போரி பந்தரில் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த விக்டோரியா டெர்மினஸ் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். நம் கட்டடத்தின் குவிமாடத்தில் முன்னேற்றம் என்னும் பெண் உருவம் நிற்கிறது. அங்கே நேரடியாக ஜேம்ஸ் வாட்டுக்கும் ஜார்ஜ் ஸ்டீவன்சனுக்குமே சிலை வைத்துவிட்டார்கள். 1896இல் ஓடத் தொடங்கிய சிறிய மஞ்சள் மெட்ரோ ஆந்த்ராஷி சாலைக்கு அடியில் இன்றும் ஓடுகிறது. தெருவிலிருந்து சில படிகள் இறங்கினால் நடைமேடை, ஆகவே முழங்காலுக்கு அது தொந்தரவு தராது.

வியன்னாவுக்கு வந்தால், 2014இல் முழுமையடைந்த புதிய மத்திய நிலையத்தின் கூடத்தில் சிறகு முளைத்த ஒரு கல்சிங்கம் இருப்பதைத் துணைவியாருக்குக் காட்டுங்கள். அது வெனிஸ் நகரின் சின்னமான புனித மாற்குவின் சிங்கம். அதே இடத்தில் முன்பு இருந்து இடிக்கப்பட்ட தென் நிலையத்தை அலங்கரித்தது. வெனிஸின் சிங்கத்துக்கு வியன்னாவில் என்ன வேலை என்றால், 1866 வரை வெனிஸ் ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. பேரரசுக்குக் கடல் வேண்டும். கடலோ ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் திரியெஸ்தே துறைமுகத்தில் இருந்தது. தலைநகரையும் துறைமுகத்தையும் இணைக்கும் தெற்கு ரயில்பாதை 1857இல் முடிந்தது. அதில் மிகக் கடினமான 41 கிலோமீட்டர்தான் செம்மெரிங். அதை வடிவமைத்த கார்ல் வான் கேகா பிறந்ததும் வெனிஸில்தான்.

செம்மெரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்முடைய போர் காட் பாதைக்கு மூத்த சகோதரி. 1848இல் வேலை தொடங்கியபோது, அந்த ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு ஏறக்கூடிய எஞ்சின் உலகில் எங்கும் இல்லை. இல்லாத எஞ்சினை நம்பி ஒரு மனிதர் பாதை போட்டார்! பாதி வேலை முடிந்த 1851இல், ஏறக்கூடிய எஞ்சினுக்காக ஒரு போட்டியே நடத்தினார்கள். நான்கு எஞ்சின்கள் கலந்துகொண்டன, மியூனிக்கிலிருந்து வந்த ‘பவேரியா’ பரிசை வென்றது. ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு நான்குமே சரிப்படவில்லை. அவற்றிலிருந்து பாடம் கற்று எங்கெர்த் என்ற பொறியாளர் வடிவமைத்த புது வகை எஞ்சின்தான் கடைசியில் மலையேறியது. 1854இல் பாதை திறந்தபோது அதில் பதினான்கு சுரங்கங்களும் பதினாறு பெரும் கல்பாலங்களும் இருந்தன. சுமார் இருபதாயிரம் பேர் உழைத்தார்கள். விபத்தைவிடக் காலராவும் டைஃபஸும் கொன்றவர்கள் அதிகம். இரண்டே ஆண்டுகளில், 1856இல், போர் காட் பாதையில் வேலை தொடங்கியது, 1863இல் முடிந்தது. இங்கேயும் தொழிலாளர் முகாம்களைக் காலரா சூறையாடியது. நடுவில் ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் வந்த சில வாரங்களிலேயே இறந்துபோக, ஒப்பந்தத்தைக் கைவிடாமல் ஏற்று முடித்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி ஆலிஸ். (ரயில் என்பது ஆண்களின் பைத்தியம் என்று நினைக்கும் துணைவியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.) செம்மெரிங்கின் ஏற்றம் ஏறத்தாழ நாற்பதுக்கு ஒன்று (நாற்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம்), நம்முடையது முப்பத்தேழுக்கு ஒன்று. அந்த வளைவுகளில் வண்டி மூச்சு வாங்குவதைக் கேட்கும்போது கண்டாலா நினைவு வராமல் போகாது.

வியன்னாவின் ஐந்து நாளில் ஒன்றை இதற்கு முழுதாக ஒதுக்குங்கள். காலையில் ஏதாவதொரு நிதானமான வண்டியில் பயர்பாக் நிலையத்தில் இறங்கினால், 228 மீட்டர் நீளமுள்ள வளைந்த கல்பாலம் ஊரை ஒட்டியே நிற்கிறது, மலையேற வேண்டியதில்லை. அடுத்த வண்டியில் செம்மெரிங் நிலையம்வரை ஏறுங்கள். அங்கே கேகாவின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் பழைய இருபது ஷில்லிங் தாளில் அச்சிட்டிருந்த இரண்டடுக்குப் பாலத்தின் காட்சியை நேரில் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து காட்டுப்பாதையில் நல்ல தூரம் நடக்க வேண்டும். முழங்கால் ஒத்துழைத்தால் போகலாம், இல்லாவிட்டால் நிலையத்திலேயே ஒரு காபி குடித்துவிட்டு வரும் போகும் வண்டிகளைப் பார்த்திருக்கலாம். மலைக்கு அடியில் 27 கிலோமீட்டர் நீளத்தில் புதிய சுரங்கப்பாதை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது திறந்துவிட்டால் விரைவு வண்டிகள் கீழே போய்விடும், ஆகையால் இந்த ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு பகல் வண்டியில், இதே மலையை மறுபடி கடந்து, வெனிஸுக்குப் போங்கள். நேரடி வண்டி உண்டு, பகலின் பெரும்பகுதி அதிலேயே கழியும். நிலப்பரப்பில் உள்ள மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள். அதற்கு அப்புறம், 1846இல் கட்டிய பாலத்தின் மேல், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தண்ணீருக்கு நடுவே வண்டி போகும். வெனிஸ் நிலையத்தின் படிகளில் இறங்கினால் எதிரே பெருங்கால்வாய். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோவுக்குப் பதிலாகப் படகு நிற்கும் ஊர் அது. வியன்னாவில் பார்த்த சிங்கம் அங்கே மாற்கு சதுக்கத்தின் தூண் உச்சியில் நிற்பதைத் துணைவியார் தாமே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய தேவாலயங்களுக்கும் அரண்மனைக்கும் அந்த மூன்று நாட்களை முழுமையாகக் கொடுங்கள், ரயில் பேச்சை எடுக்காதீர்கள்.

இப்போது காகித வேலைகள். நீங்கள் போகும் நான்கு நாடுகளும், ஹங்கேரி, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஷெங்கன் எல்லைக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஆஸ்திரியாவும் இத்தாலியும் தலா ஐந்து இரவு என்று சமமாக வருகின்றன; அப்படி வந்தால் முதலில் நுழையும் நாட்டிடம், அதாவது ஹங்கேரியிடம், கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸைப் பொறுத்தவரை, இன்டர்ரெய்ல் ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கானது, நமக்கு யூரெய்ல். ஒரு மாதத்துக்குள் ஏழு பயண நாட்கள் என்ற வகை உங்கள் தடத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. அறுபது வயது கடந்தவர்களுக்குச் சலுகையும் உண்டு. ஆனாலும் இந்தத் தடத்துக்கு நான் வாங்கமாட்டேன். வியன்னா, வெனிஸ் டிக்கெட்டுகளை முன்கூட்டியே எடுத்தால் மலிவாகக் கிடைக்கும். மிலான்-திரானோ வட்டார வண்டிக்கு விலை எப்போதும் குறைவு. கையைச் சுடுவது சுவிட்சர்லாந்து மட்டுமே, அதற்கு அங்கே ஒரு மாதத்துக்குச் செல்லும் அரைக்கட்டண அட்டை இருக்கிறது. இரண்டு கணக்கையும் ஒரே நாளில் உட்கார்ந்து ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பாஸ் வாங்கினாலும் இத்தாலியின் அதிவேக வண்டிகளில் இருக்கைப் பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மிலானிலிருந்து திரானோவுக்கு வடக்கே போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், கோமோ ஏரி நெடுநேரம் உடன் வரும். மறுநாள் காலை அங்கிருந்து பெர்னினா தடம். ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ என்று விளம்பரப்படுத்தப்படும் வண்டிக்குக் கூடுதல் கட்டணம். அதன் அகலக் கண்ணாடிகளைத் திறக்கவும் முடியாது, படம் எடுத்தால் நம் முகம்தான் விழும். அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார வண்டியும் ஓடுகிறது. பதிவு வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம். 429 மீட்டரில் கிளம்பி 2,253 மீட்டர்வரை ஏறும் மீட்டர் கேஜ் பாதை அது. ஏற்றம் சில இடங்களில் பதினான்குக்கு ஒன்று. நம் நீலகிரிப் பாதை பன்னிரண்டுக்கு ஒன்று, ஆனால் அங்கே பற்சக்கரம் பிடித்துக்கொள்கிறது. பெர்னினாவில் பற்சக்கரம் கிடையாது, சக்கரமும் தண்டவாளமும் ஒட்டும் பிடியை மட்டுமே நம்பி 1910 முதல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். புருசியோவில் உயரம் பெறுவதற்காக வண்டி ஒரு கல்பாலத்துக்குக் கீழே நுழைந்து, முழு வட்டம் அடித்து, அதே பாலத்தின் மேலேயே ஏறி வரும்.

கணவாயைக் கடந்து இறங்கி, வண்டி மாறி, அல்புலா தடத்தில் பெர்கூனுக்குப் போங்கள். பிரெதாவுக்கும் பெர்கூனுக்கும் இடையில் சுமார் நானூறு மீட்டர் இறங்குவதற்காகப் பாதை மலைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு பன்னிரண்டு கிலோமீட்டராக நீள்கிறது; ஊரின் தேவாலயம் ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமும் தெரிந்து மறையும். மறுநாள் இன்னும் சற்றுக் கீழே ஃபிலிசூர் பக்கம் போய், 65 மீட்டர் உயரப் பாலத்திலிருந்து வண்டி செங்குத்தான பாறைச் சுவருக்குள் நேராக நுழைவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்களைப் பெர்கூனில் இரண்டு இரவு தங்கச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீங்கள் எண்ணெய் விட்ட கேக்டாக்களின் முதல் தொகுதி, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்த எஞ்சின் தொழிற்சாலையில் பிறந்தது. நாம் நண்டு என்றோம், அவர்கள் முதலை என்றார்கள். அதே தொழிற்சாலை அதே 1920களில் இந்த மலைப்பாதைக்காகவும் ஒரு சிறிய மீட்டர் கேஜ் முதலையைக் கட்டியது. அதில் 407 என்ற எண்ணுள்ள எஞ்சின் பெர்கூன் நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கு வெளியே, திறந்தவெளியில் நிற்கிறது. அதைப் பார்க்க டிக்கெட் வேண்டியதில்லை. இணைப்புத் தண்டின் பக்கத்தில் நின்று துணைவியாரை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
மாட்டுங்கா, மும்பை