ஜெட் ஸ்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று சந்தேகம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

முதலில் அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது திரும்பத் திரும்பச் சுழற்றினால் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பற்றரி இறங்கினாலும் ‘டக்’ வருமே என்று சிலர் சொல்வார்கள். தெரியும். ஆனாலும் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் ஒரு நட்டமும் இல்லை.

இருக்கையை எடுத்துவிட்டு, உள்ளே தேங்கிய பெற்றோல் ஆவி வெளியேறும்வரை பொறுங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்யுங்கள், அதாவது எஞ்சினின் உலோகத்தோடு தொடுத்துவிடுங்கள். தீப்பொறி பறந்தால் ஆவி பற்றிக்கொள்ளும். பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு, ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் போகாமல் சுழற்றுங்கள். தண்ணீர் இருந்தால் பிளக் துவாரத்தால் பீறிட்டு வரும்.

முகத்தை விலக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் வள்ளங்களின் எஞ்சின் வேலை செய்கிறவன் நான். பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி ஒன்றை வாடகைக்கும் விடுகிறேன். ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை என் அக்காவின் மகன் அதை நிலாவெளிப் பக்கம் கொண்டுபோய்விட்டு மாலையில் திரும்பினான். மறுநாள் காலை, வாடகைக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது, உங்களுக்குக் கேட்ட அதே ‘டக்’.

கவிழ்த்துவிட்டு, பிழையான பக்கமாக நிமிர்த்தியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். கவிழ்ந்ததை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பின்புற ஸ்டிக்கரில் அம்புக்குறி இருக்கும். மாற்றித் திருப்பினால் புகைப்போக்கியில் நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். “கவிழவே இல்லை மாமா” என்று மூன்று தரம் சொன்னான். வந்திருந்தவர்கள் முன்னாலேயே ஏசினேன். அந்தக் கிழமைச் சம்பளத்தையும் நிறுத்தினேன்.

அன்று பின்னேரம் பிளக்கைக் கழற்றிச் சுழற்றியபோது தண்ணீர் முகத்தில் அடித்தது. உதட்டில் பட்ட துளியில் பெற்றோல் நெடி இருந்தது, உப்பு இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

முதல் நாள் மாலை குழாய் மாட்டி எஞ்சினின் குளிர்விக்கும் வழியைக் கழுவியவன் நான். தொலைபேசி அழைத்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசப் போனேன், தண்ணீரை நிறுத்தவில்லை. ஓடும் எஞ்சினின் புகைதான் கழுவும் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் நின்றால் அது புகைப்போக்கியில் நிரம்பி, சிலிண்டருக்குத்தான் திரும்பும். எஞ்சினை இயக்கிய பிறகு குழாயைத் திறக்க வேண்டும். குழாயை மூடிய பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு விதமாகச் சொன்னால் அதையே கேளுங்கள், என்னோடு வாதாட வேண்டாம்.

சம்பளத்தை அன்றிரவே கொடுத்தேன். ஏசியதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. கடற்கரையில் வேலை செய்யும் பிள்ளைகள் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். விருந்தினரின் கைப்பை காணாமல் போனாலும் முதலில் இந்தப் பிள்ளைகளின் பையைத்தான் கொட்டிப் பார்க்கிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை உழைத்ததை வைத்துத்தான் வாடைக்காற்று மாதங்களை அவர்கள் தள்ள வேண்டும். அது யாருக்கு நினைவிருக்கிறது?

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். கட்டி இழுத்து வந்தீர்களா? குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயைக் கவ்வியால் நெரித்து அடைக்காமல் வேகமாக இழுத்தாலும் இதே கதிதான். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஒயில் மட்டம் பார்க்கும் கோலை இழுத்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், ஒரு தடவை போதாது. தண்ணீர் முழுவதும் போனதும் சிலிண்டர்களுக்குள் துரு எதிர்ப்பு எண்ணெய் தெளித்து, இன்றைக்கே எஞ்சினை ஓடவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஒரு இரவு நின்றாலே பெயாரிங்கில் துரு ஏறத் தொடங்கிவிடும்.

கோலில் என்ன நிறம் என்று கீழே எழுதுங்கள். இரவு பார்க்கிறேன்.