பெட்டியை மாற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஃபைபர் இணைய சேவை நடத்தும் வாசகர்களிடம் இருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில்தான் முடிகின்றன: "புதிது வாங்கிவிடட்டுமா?" வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பழுது எங்கே என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஓஎல்டி-யில் (ஃபைபர் இணைப்புகள் தொடங்கும் எங்கள் பக்கப் பெட்டி) ஒரே ஒரு பான் போர்ட்டில் (ஒரே ஃபைபர் பல வீடுகளுக்குப் பிரிந்து போகும் முனை) உள்ள வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் திடீரென்று ஆஃப்லைன் ஆகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வருகிறார்கள். எஸ்எஃப்பி-யை (போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல்) மாற்றிப் பார்த்தோம், பலன் இல்லை. மற்ற போர்ட்டுகள் நன்றாக ஓடுகின்றன. கார்டு போய்விட்டதா?

பதில்: கார்டைக் கழற்ற வேண்டாம். அடுத்த முறை விழும்போது அந்தப் போர்ட்டில் உள்ள யாராவது ஒருவருக்குப் போன் போட்டு, ஓஎன்டி-யில் (வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டி) எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று கேளுங்கள். எரிந்தால் வீட்டுக்கு ஒளியே வரவில்லை. ஃபீடர் ஃபைபரில், அதாவது ஓஎல்டி-யில் இருந்து கிளம்பும் பொது இழையில் இருந்து தேடத் தொடங்குங்கள். எல்ஓஎஸ் எரியவில்லை, பான் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால் வரும் ஒளி சரியாக வருகிறது, திரும்பிப் போகும் ஒளிதான் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இந்த இரண்டாவதுதான் தோன்றுகிறது. யாரோ ஒருவர் வீட்டு ஓஎன்டி தன் முறை வராமலேயே லேசரை எரிக்கிறது.

ஜிபான் என்ற இந்த வகை இணைப்பில் ஓஎல்டி-யில் இருந்து வருவது 1490 நானோமீட்டர் அலைநீள ஒளி. அது எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போகும். வீடுகளில் இருந்து திரும்பி வருவது 1310. அதை ஓஎல்டி நேரம் பிரித்துக் கொடுக்கிறது: இந்த நொடித்துளி உனக்கு, அடுத்தது அவனுக்கு. வகுப்பில் ஒரு பையன் மட்டும் வாயை மூடாமல் கத்திக்கொண்டே இருந்தால் ஆசிரியருக்கு மற்ற யார் குரலும் கேட்காது. அதே கதைதான். சில ஓஎல்டி-களில் இப்படிப்பட்ட முரட்டு ஓஎன்டி-யைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு, இருந்தால் முடுக்கிவிடுங்கள். ஆனால் லேசர் சுற்றே பழுதாகிவிட்ட ஓஎன்டி, "அணைந்து போ" என்று ஓஎல்டி சொல்வதைக் கேட்கும் என்று நம்ப வேண்டாம்.

கையால் தேடும் வழி இது. பழுது இருக்கும் நேரத்தில் ஸ்ப்ளிட்டர் (ஒளியைப் பல இழைகளுக்குப் பிரிக்கும் கருவி) பெட்டிக்குப் போய் ஒவ்வொரு காலாக, அதாவது வெளியே போகும் ஒவ்வொரு இழையாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்றவர்கள் வரிசையாக ஆன்லைன் வருகிறார்களோ, ஆள் அந்தக் காலில்தான் இருக்கிறார். இரண்டு அடுக்கு ஸ்ப்ளிட்டர் என்றால் முதல் அடுக்கில் தொடங்கினால் அலைச்சல் குறையும். உறுதி செய்ய, கழற்றிய காலில் வீட்டுப் பக்கம் இருந்து வரும் ஃபைபரைப் பவர் மீட்டரில் செருகி 1310-இல் பாருங்கள். ஒழுங்கான ஓஎன்டி, ஓஎல்டி-யின் ஒளி கிடைக்காதபோது இருட்டாகத்தான் இருக்கும். மீட்டர் ஏதாவது அளவு காட்டினால் வேறு சாட்சி வேண்டாம். சில சமயம் அங்கே ஓஎன்டி-யே இருக்காது. யாரோ ஒரு மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரை லேன் கேபிளாக மாற்றும் சிறு பெட்டி) பான் ஃபைபரில் செருகிவைத்திருப்பார்கள். அதுவும் 1310-இல் ஓயாமல் எரியும் வகையாக இருந்தால் மொத்தப் போர்ட்டையும் சாய்த்துவிடும்.

கேள்வி: ஒரு தெருவில் எல்லோருக்கும் ஒளி அளவு மைனஸ் 26, மைனஸ் 27 டிபிஎம் என்று காட்டுகிறது. அடிக்கடி விழுகிறது. ஓஎல்டி-யில் பி பிளஸ் மாட்யூலை எடுத்துவிட்டு அதைவிடச் சக்தி கூடிய சி பிளஸ் போடலாம் என்று எங்கள் டெக்னீஷியன் சொல்கிறார். போடலாமா?

பதில்: முதலில் அங்கே எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டீர்களா? ஒரு தாள் போதும். ஓஎல்டி பிளஸ் 3 டிபிஎம் விடுகிறது என்று வைப்போம். ஒன்றுக்கு எட்டு ஸ்ப்ளிட்டர் இரண்டு அடுக்கு. ஒன்று சுமார் பத்தரை டெசிபெல் தின்னும், ஆக 21. ஃபைபர் 5 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.35 என்று தாராளமாகவே வைத்தால் 1.75. கனெக்டர் நான்கு, தலா 0.3. ஸ்ப்ளைஸ் (இழைகளை உருக்கி ஒட்டிய இடம்) ஆறு, தலா 0.1. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 24.5. அப்படியானால் வீட்டில் மைனஸ் 21.5 வர வேண்டும். உங்களுக்கு மைனஸ் 26 வருகிறது என்றால் நாலரை டெசிபெல் வழியில் எங்கோ ஒழுகுகிறது. பி பிளஸ் வகையில் ஓஎன்டி-யின் எல்லையே மைனஸ் 27தான். அந்த விளிம்பில் நிற்பவர் விழுந்து எழுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சி பிளஸ் போட்டால் 28-க்குப் பதில் 32 டெசிபெல் இழப்பு வரை தாங்கும், விழுவது நிற்கும். சில மாதங்களில் அதே இடத்தில் இன்னும் இரண்டு டெசிபெல் போகும், அப்போது மறுபடி எந்த மாட்யூலைத் தேடுவீர்கள்? தெரு முழுக்க ஒரே மாதிரி குறைவு என்பதால் வீடுகளுக்குள் தேடாதீர்கள். அந்தத் தெருவுக்குப் போகும் பொதுப் பாதையில்தான் கோளாறு: இரண்டாம் அடுக்கு ஸ்ப்ளிட்டரின் உள்வரும் முனை, அதற்கு முந்தைய ஜாயின்ட் பெட்டி. முதலில் கனெக்டரைத் துடையுங்கள். அட, அதற்குத்தானா என்று சிரிக்க வேண்டாம்; முனையை உருப்பெருக்கியில் ஒரு தடவை பார்த்தவர் பிறகு துடைக்காமல் செருக மாட்டார். அடுத்து நிறம். பச்சைத் தலை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலத் தலை நேராகத் தேய்த்தது. அவசரத்தில் இரண்டையும் நேருக்கு நேர் செருகியிருந்தால் நடுவில் காற்று இடைவெளி விழும். சில டெசிபெல் அங்கேயே காலி.

இரண்டும் சரி என்றால் வளைவைத் தேடுங்கள். ஓடிடிஆர் (ஃபைபரில் எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி) இருந்தால் அதே ஃபைபரை 1310-இலும் 1550-இலும் அளந்து பாருங்கள். ஒரு இடத்தில் 1310-இல் இழப்பு குறைவு, 1550-இல் அதிகம் என்றால் அது வளைவு. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் மோசமான ஸ்ப்ளைஸ் அல்லது அழுக்கு. வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஃபைபரில் இந்த இரண்டு அலைநீளங்களையும் அடிக்கக் கூடாது. அதற்கு 1625 அல்லது 1650-இல், வடிகட்டியோடு அளக்கும் கருவி வேண்டும். சாதாரண ஜி.652டி ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே மடக்கக் கூடாது. பெட்டி சின்னது, சுற்றித்தான் திணிக்க வேண்டும் என்றால் ஜி.657ஏ2 வாங்குங்கள், அது ஏழரை மில்லிமீட்டர் வரை தாங்கும். நீங்கள் பணம் போட வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்கிய வாடிக்கையாளருக்கு 94-க்கு மேல் ஏறவே இல்லை. ரவுட்டரை மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடுகிறார்.

பதில்: 94 என்று துல்லியமாக நின்றால் எங்கோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும்; ஒரு ஜோடி அறுந்தால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லேன் கேபிளின் ஆர்ஜே45 முனையை வெட்டிப் புதிதாக அடியுங்கள். அப்புறமும் 94 என்றால் அவருடைய ரவுட்டரின் வேன் (இணையம் உள்ளே வரும்) போர்ட்டே 100தானா என்று பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் 1,500 பிபிபிஓஇ (பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வாடிக்கையாளர்கள். மாலையில் 3 கிகாபிட் வரை ஓடுகிறது. இப்போதைய ரவுட்டர் திணறுகிறது. பத்து கிகாபிட் போர்ட் உள்ள ரவுட்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்று மடங்கு இடம் இருக்கிறதே, தாராளமாகப் போதும் அல்லவா?

பதில்: போர்ட்டின் வேகம் ரவுட்டரின் வேகம் அல்ல. ரவுட்டருக்கு வேலை வைப்பது பிட் இல்லை, பாக்கெட். பத்து கிகாபிட் வரியை 1,518 பைட் பாக்கெட்டுகளால் நிரப்பினால் நொடிக்குச் சுமார் 8.1 லட்சம் பாக்கெட்தான். 64 பைட் பாக்கெட்டுகளால் நிரப்பினால் 1 கோடியே 48 லட்சம். விற்பவர் காட்டும் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வகைக் கணக்கு. உங்கள் மாலை நேரக் கலவை நடுவில் எங்கோ இருக்கும். அது எங்கே என்பதைப் பழைய ரவுட்டரே சொல்லும். உச்ச நேரத்தில் இன்டர்ஃபேஸில் நொடிக்கு எத்தனை பாக்கெட் என்று பாருங்கள், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு விற்பவரிடம் போங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 1,500 செஷன், ஆளுக்கொரு கியூ (வேக வரம்பு), நாட் (பலர் ஒரே ஐபி முகவரியைப் பகிரும் முறை), ஃபயர்வால் எல்லாம் போட்ட நிலையில் எவ்வளவு ஓடும்? மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபாஸ்ட் ட்ராக் என்ற குறுக்குவழியைப் போட்டவுடன் சிபியு இறங்குவதைப் பார்த்து மகிழ்ந்துபோகாதீர்கள். அது சிம்பிள் கியூவைத் தொடாமல் தாண்டிப் போகும். 50 எம்பிபிஎஸ் வாங்கியவர் அன்று திருவிழா கொண்டாடுவார்.

வாங்குவதற்கு முன்னால் இப்போதைய ரவுட்டர் ஏன் திணறுகிறது என்றும் பாருங்கள். மொத்த சிபியு 40 சதவீதம், ஆனால் ஒரு கோர் மட்டும் 100 என்றால் வேலை பங்கிடப்படவில்லை. அதே அமைப்பைப் பெரிய பெட்டிக்குத் தூக்கிப் போனால் அங்கேயும் ஒரு கோர்தான் சாகும். என் கை எப்போதும் ஒரு ராட்சதப் பெட்டிக்குப் போகாது, இரண்டு நடுத்தரப் பெட்டிகளுக்கே போகும்: வாடிக்கையாளர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடலாம், ஒன்று செத்தால் பாதிப் பேராவது பிழைப்பார்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும் நிமிடத்தில் 1,500 பேரும் ஒரே மூச்சில் லாகின் ஆக வருவார்கள். அந்த நேரத்தில் லாகின்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் தாங்குமா என்பதையும் சோதியுங்கள். ரவுட்டர் மேல் விழும் பழியில் பாதி அதனுடையது.

கேள்வி: இரண்டு அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு இணையம் தரும் பெரிய நிறுவனங்கள்) எடுத்துவிட்டோம். பிஜிபி முழு டேபிளும் (உலக இணையப் பாதைகளின் முழுப் பட்டியல்) வாங்க வேண்டும் என்கிறார்கள். தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு பக்கமும் டிஃபால்ட் ரூட் (மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே பாதை), கூடவே அவரவர் சொந்த வாடிக்கையாளர்களின் ரூட்டுகள்: இது போதும். ஐபிவி4 முழு டேபிள் 9 லட்சம் ரூட்டைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகிறது. 2014 ஆகஸ்டில் அது 5,12,000-ஐத் தொட்ட அன்று, அந்த அளவோடு ஹார்ட்வேர் நினைவகம் தீர்ந்துபோன பழைய ரவுட்டர்கள் உலகின் பல மூலைகளில் தடுமாறின. கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால் ரேம் எவ்வளவு என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஃபார்வர்டிங் டேபிளில் (பாக்கெட்டை அனுப்பும்போது ஹார்ட்வேர் பார்க்கும் பட்டியல்) எத்தனை ரூட் பிடிக்கும், ஐபிவி6-க்கு அதில் எவ்வளவு போகும் என்று கேளுங்கள்.

கேள்வி: கூகுள் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது. சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. டிஎன்எஸ் மாற்றியும் பயனில்லை.

பதில்: பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை என்றால் எம்டியு-வை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சந்தேகப்படுங்கள். பிபிபிஓஇ தனக்கென்று 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1,500-இல் மீதி 1,492தான். வாடிக்கையாளர் கணினியில் இருந்து, துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1,464 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகள் 28 சேர்த்தால் சரியாக 1,492. அது போய், ஒரு பைட் கூட்டினால் நின்றால் பாதை ஒழுங்காக இருக்கிறது. 1,464-ஏ போகவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு லிங்க் இன்னும் குறுகலானது. டிசிபி-க்கு எம்எஸ்எஸ் கிளாம்ப் (ஒரு பாக்கெட்டில் போகும் தரவுக்கு வரம்பு) போட்டு 1,452-இல், குறுகல் இருந்தால் அதற்கும் கீழே, நிறுத்துங்கள். அதோடு உங்கள் ஃபயர்வாலில் ஐசிஎம்பி-யை மொத்தமாக மூடும் விதி இருந்தால் எடுத்துவிடுங்கள். "பாக்கெட் பெரிது, சின்னதாக அனுப்பு" என்று சொல்லும் தகவல் அதில்தான் வருகிறது.

கேள்வி: ட்ரேஸ்ரூட்டில் (பாக்கெட் போகும் வழியில் உள்ள ரவுட்டர்களை ஹாப் ஹாப்பாகக் காட்டும் சோதனை) அப்ஸ்ட்ரீமின் மூன்றாவது ஹாப்பில் 60 சதவீத லாஸ். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியும் அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

பதில்: அதற்கு அடுத்த ஹாப்புகளிலும் கடைசி ஹாப்பிலும் லாஸ் உண்டா? இல்லையென்றால் அவர்கள் கண்டுகொள்ளாததில் நியாயம் இருக்கிறது. அந்த ரவுட்டர் தனக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைத்தான் குறைத்திருக்கிறது. கடந்து போகும் டிராஃபிக்கை அல்ல.

கேள்வி: புதிய பகுதிக்கு லைன் இழுக்கிறோம். ஜிபானா, எக்ஸ்ஜிஎஸ் பானா?

பதில்: ஜிபானில் ஒரு போர்ட்டுக்கு வீடுகளை நோக்கி 2.5 கிகாபிட், வீடுகளில் இருந்து திரும்பி 1.25. எக்ஸ்ஜிஎஸ் பானில் இரு பக்கமும் பத்து. அது 1577, 1270 என்ற வேறு அலைநீளங்களில் ஓடுவதால் அதே ஃபைபர், அதே ஸ்ப்ளிட்டரில் ஜிபானோடு சேர்ந்தே ஓடும். ஆகவே இன்று ஜிபான் போடுவது நாளைய கதவை மூடிவிடாது. ஏற்கெனவே ஓடும் ஒரு பான் போர்ட்டின் மாலை நேர கிராஃபை எடுத்துப் பாருங்கள். அது ஒரு கிகாபிட்டைத் தொடவே இல்லை என்றால் ஜிபான் போதும். ஒன்றரையைத் தாண்டி வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால், இரண்டையும் ஒரே போர்ட்டில் தரும் காம்போ கார்டு ஏறும் ஓஎல்டி-யைப் பாருங்கள்.

ஒரு பான் போர்ட்டை 64 வீட்டுக்குப் பிரிக்காமல் 32-இல் நிறுத்தினால் மூன்று, மூன்றரை டெசிபெல் கையில் மிஞ்சும். வேறு கம்பெனி ஓஎன்டி-களையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் "எல்லாம் ஒத்துப்போகும்" என்ற வாய் வார்த்தையை ஏற்காமல் இரண்டு ஓஎன்டி வாங்கிச் செருகுங்கள். ஆன்லைன் வந்ததோடு விட்டுவிடாமல் விலேன் (ஒரே இணைப்பில் நெட்வொர்க்குகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண்), வைஃபை பெயர், ரீபூட் மூன்றையும் ஓஎல்டி-யில் இருந்தே மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மாற்ற முடியவில்லை என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உங்கள் ஆள் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும்.