கணினியில் 'லைப்ரரி' என்கிறார்களே, அதற்கும் நூலகத்துக்கும் என்ன தொடர்பு?

தேவைப்படுபவர் எடுத்துப் பயன்படுத்துவதற்காகச் சேர்த்து, ஒழுங்காக அடுக்கி வைத்த தொகுப்பு எதுவானாலும் லைப்ரரிதான். லத்தீனில் 'லீபெர்' என்றால் மரத்தின் உள்பட்டை, அப்புறம் அதுவே புத்தகத்துக்கும் பெயரானது, அதிலிருந்து வந்ததுதான் 'லைப்ரரி'.

கணினியில் இந்தச் சொல் ஆரம்பத்தில் புழங்கிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1949-ல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் நிரல் (புரோகிராம்) துண்டுகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து அலமாரியில் வைத்திருந்தார்கள், வேண்டியவர் அதை எடுத்துத் தன் நாடாவில் நகல் எடுத்துக்கொள்வார், நிஜ நூலகம் மாதிரியே. இன்றைக்கும் காரணம் அதுதான்: ஒருவர் எழுதிச் சரிபார்த்ததை இன்னொருவர் முதலிலிருந்து எழுத வேண்டாம். வீட்டில் அரைத்து வைத்த சாம்பார் பொடி இருந்தால் தினமும் மல்லி வறுக்க வேண்டியதில்லை, சரிதானே?

பலர் லைப்ரரியை ஆப் என்று நினைத்து, இன்ஸ்டால் செய்துவிட்டு எங்கே திறப்பது என்று தேடுகிறார்கள். பொதுவாக அது தானாக ஓடாது, இன்னொரு நிரல்தான் அதைக் கூப்பிட வேண்டும்.