மாத்தளைக் கல்லில் அமிலம் விட்டும் பொங்கவில்லை, விறகடுப்பில் போட்டும் நீறவில்லை. அது சுண்ணாம்புக்கல் இல்லையா?

பெரும்பாலும் அது தொலமைற்றாக, அதாவது கல்சியத்தோடு மகனீசியமும் சேர்ந்த காபனேற்றுக் கல்லாக இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் பெருமளவு கல்சியம் காபனேற்று. ஒரு துளி அமிலம் பட்டதுமே சீறும். மாத்தளை, திகனப் பக்கத்துக் கல்லில் மகனீசியமும் சேர்ந்திருப்பதால், கட்டியாக இருக்கும்போது குளிர்ந்த அமிலத்துக்கு லேசில் மசியாது. நுவரெலியாக் குளிரில் இன்னும் மந்தம்.

முதலில் இரும்பு ஆணியால் கீறுங்கள். கல்லில் கீறல் விழாமல் ஆணியின் கறுப்புத் தடம் மட்டும் பதிந்தால், அது குவாட்ஸ் மாதிரி வேறேதோ கல், அதோடு விட்டுவிடலாம்.

கீறல் விழுந்தால் மாவாக இடித்து, ஒரு தேக்கரண்டித் தூளில் பத்து வீத ஐதரோகுளோரிக் அமிலம் விடுங்கள். செறிந்த அமிலம்தான் இருக்கிறதென்றால், மூன்று பங்கு தண்ணீருக்குள் ஒரு பங்கு அமிலத்தை மெதுவாக ஊற்றி ஐதாக்க வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். தொலமைற்றானால், குவளையைச் சுடுநீரில் நிறுத்தினால் நுரை கிளம்பும். தூளில் அடைபட்ட காற்றும் குமிழி விட்டு ஏமாற்றும் என்பதால், வேறொரு கரண்டித் தூளில் வெறும் தண்ணீர் விட்டு ஒப்பிடுங்கள். இன்னும் சந்தேகமென்றால் வாயுவைக் குழாய் வழியே தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விடுங்கள். பால்போல் கலங்கினால் அது காபனீரொட்சைட்டு, கல் காபனேற்றுதான். தொடர்ந்து விட்டால் மறுபடி தெளியும். பற்றரி அமிலம் சரிவராது. அது சல்பூரிக் அமிலம். கல்சியம் சல்பேற்று கல்லின் மேல் படிந்து தாக்கத்தை நிறுத்திவிடும்.

(தேயிலைக்குத் தொலமைற் போடுவதில் இந்த மந்தமும் ஒரு வசதிதான். செடிக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், பிஎச் 4.5 முதல் 5.5 வரை. நீறிய சுண்ணாம்பு அதைச் சட்டென்று உயர்த்திவிடும்.)

விறகடுப்பில் நீறாததில் ஆச்சரியமில்லை. கல்சியம் காபனேற்று முழுதாகப் பிரிய ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வேண்டும். அந்தச் சூடு கல்லின் நடுவரை இறங்க வேண்டும், வாயு வெளியேறக் காற்றோட்டமும் வேண்டும். சூளைக்குப் பெரிய கட்டி போட்டால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக நிற்கும். அளவுக்கு மீறிச் சுட்டால் இறுகிப்போய், பூசிய சுவருக்குள் பிந்தி நீறிச் சாந்தை உடைக்கும்.

வெந்ததா என்பதற்குத் தராசுதான் சாட்சி. 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக்கல் 56 கிராமாகவும், தொலமைற் 52 கிராமாகவும் குறையும். இரண்டுக்கும் இடையில் நின்றால் கலப்புக்கல். 60க்கு மேல் நின்றால் பச்சையாகவோ மண் கலந்தோ இருக்கிறது. ஆறியபின் ஒரு துண்டை உடைத்து, நடுப்பகுதியை இடித்து ஐதான அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் உள்ளே இன்னும் பச்சை.

வெந்த கல்லைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். அகன்ற இரும்பு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளியுங்கள். மூடி போட்ட போத்தலில் ஒருபோதும் வேண்டாம்.